ஒன்பது விருந்தும் இரண்டு சைக்கிளும்

சண்டை முடிந்த மறுவருஷக் கோடையில் தூத்துக்குடியில் ஒரு வாடகை சைக்கிள் கடையில் வேலைக்கு இருந்தேன். அதற்கு முன்னால் உப்பளத்தில் பாத்தி மிதித்திருக்கிறேன். தோணியில் கொழும்புக்குப் போய் மூட்டை தூக்கியிருக்கிறேன். பர்மாவில் அரிசி மில் ஒன்றில் இருந்தபோது குண்டு விழ ஆரம்பித்தது. எல்லாரும் நடந்தார்கள், நானும் நடந்து வந்தேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவனுக்கு வேலை என்று தனியாக ஒன்று கிடையாது. கையில் எது அகப்படுகிறதோ அதுதான் வேலை. சைக்கிள் கடையில் நிழல் இருந்தது, மத்தியானம் சோறு இருந்தது. அதனால் இருந்தேன்.

கடைக்காரரை ஊரே அண்ணாச்சி என்றது, நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அப்போது புது டயருக்குப் பஞ்சம். பழைய டயர் கிழிந்தால் அதைவிடப் பழைய டயரிலிருந்து ஒரு துண்டை அறுத்து உள்ளே வைத்து ஓட்டுவோம். சக்கரம் சுற்றும்போது அந்த இடம் மட்டும் தொப்பென்று ஒரு தடவை குதிக்கும். வாடகைக்கு எடுக்கிறவர்கள் அதைப் பழகிக்கொண்டார்கள்.

அந்தக் கடைக்கு ஒரு சாயங்காலம் புருஷனும் பெண்சாதியுமாக இரண்டு பேர் வந்தார்கள். அவர் மிஷன் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவர். அந்த அம்மாள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். இருவருக்கும் அந்த ஜனவரியில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. மில்லர்புரத்தில் சாருடைய வீட்டில் அவருடைய அம்மா, தங்கைகள், படிக்க வந்த சொந்தக்காரப் பிள்ளைகள் என்று ஒரு பட்டாளத்தோடு இருந்தார்கள்.

டீச்சர் உள்ளே வந்ததுமே அண்ணாந்து பார்த்தார். கூரையில் ஒரு லேடீஸ் சைக்கிள் தொங்கிக்கொண்டிருந்தது. சீமைக்குத் திரும்பிப்போன ஒரு மிஷன் துரைசானி விற்றுவிட்டுப் போனது. பின்சக்கரத்தில் பாவாடை மாட்டாதிருக்க நூல்வலை கட்டியிருக்கும். தூத்துக்குடியில் அதை வாடகைக்கு எடுக்க ஆள் கிடையாது என்பதால் அண்ணாச்சி அதை உத்தரத்தில் ஏற்றிவிட்டார்.

“தம்பி, லீவுல நாங்க ரெண்டு பேரும் சைக்கிள்ல மணப்பாடு வரைக்கும் ஒரு சுத்துப் போகலாம்னு இருக்கோம்” என்றார் சார். சட்டைப் பையிலிருந்து சாக்கட்டியை எடுத்துக் கடையின் சிமெண்டுத் தரையில் படம் போட ஆரம்பித்தார். கடற்கரை ஒரு கோடு, தாமிரபரணி ஒரு கோடு, ரயில் பாதைக்குக் குறுக்குக் கோடுகள். எண்ணெய்க் கறை இருந்த இடத்தில் மட்டும் ஆறு தெரியவில்லை.

“சார், சைக்கிள மணிக்கணக்குக்குத்தான் குடுக்கது. வாரக்கணக்குக்கு விட இதென்ன வீடா?” என்றார் அண்ணாச்சி.

“பத்திரமாக் கொண்டாந்துருவோம், அண்ணாச்சி.”

“நீங்க கொண்டாருவிய. டயரு வராதே.”

கடைசியில் சாருடைய மாணவர்களில் அண்ணாச்சியின் மகனும் ஒருவன் என்ற காரணத்தால் சம்மதித்தார். ஆனால் பொறுப்பை என் தலையில் கட்டினார். “ஏலே, நீ பர்மாவுல இருந்து நடந்தே வந்தவன்லா. இங்கன இருக்க மணப்பாட்டுக்கு இவங்க போய்ட்டு வர ஒரு வழி பண்ணிக் குடு.”

பர்மாவிலிருந்து வந்ததற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அங்கே முன்னால் போகிறவனுடைய முதுகைப் பார்த்து நடந்தோம். அவன் விழுந்தால் அவனுக்கு முன்னால் போகிறவனைப் பார்த்து நடந்தோம். யார் வீட்டில் முதலில் சாப்பிடுவது என்ற கேள்வி அங்கே எழவில்லை. இதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் சைக்கிளை உத்தரத்திலிருந்து இறக்கினேன்.

முதல் ஏற்பாடு ஒரு சாயங்காலத்திலேயே முடிந்துவிட்டது. அந்தப் பருவத்தில் கச்சான் அடிக்கும். மேற்கேயிருந்து வருகிற காற்று. ஸ்ரீவைகுண்டத்துப் பாதையில் அதற்கு எதிரே மிதிப்பது சுவரை மிதிப்பது மாதிரி. அதனால் மேற்கே போகிற பாதியை மிதிக்காமல் கடந்துவிட வேண்டும். இரண்டு பேரும் ரயிலில் திருநெல்வேலியைச் சுற்றி நாசரேத்தில் இறங்கட்டும். அங்கிருந்து காற்று முதுகைத் தள்ள, கடலைப் பார்த்து மணப்பாட்டுக்குப் போகட்டும். சில நாள் அங்கே இருந்துவிட்டுக் கடலோரமாகவே வீட்டுக்கு வரட்டும். தேரிக்காட்டு மணலில் மட்டும் இறங்கக்கூடாது. அந்தச் செம்மணலில் சைக்கிளை ஓட்ட முடியாது, நம்மைத்தான் சைக்கிள் ஓட்டும். இதைச் சொல்லி முடித்ததும் டீச்சர் சிரித்தார். சார் சாக்கட்டியால் நாசரேத்தில் ஒரு வட்டம் போட்டார். எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் சார் தனியாக வந்தார்.

“பெரியப்பாவுக்கு மட்டும் ஒரு கார்டு போட்டுட்டேன், தம்பி. நாசரேத்துல எறங்கிட்டு அவங்கள பாக்காமப் போனா நல்லாருக்காது.”

எல்லாம் கெட்டது அந்தக் கார்டினால்தான். எனக்கு அப்போது அது தெரியவில்லை. சரி, ஒரு வேளைச் சாப்பாடு மிச்சம் என்றுதான் நினைத்தேன்.

அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமான ஜோடிக்குச் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் விருந்து வைத்தாக வேண்டும். அது முடிகிறவரை அந்தக் கல்யாணம் பாதிதான் நடந்த மாதிரி. சார் கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு பேருக்கும் பள்ளிக்கூடம் இருந்தது. அரிசிக்கோ ரேஷன். அதனால் எல்லா வீட்டிலும் விருந்தைக் கோடை லீவுக்கென்று தள்ளி வைத்துவிட்டு, ரேஷன் அரிசியில் பிடிப்பிடியாக எடுத்துக் கலயத்தில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கலயங்களுக்கு நடுவேதான் நான் சைக்கிள் பாதை போட்டிருக்கிறேன்.

பெரியப்பாவுக்கு எழுதினால் ஸ்ரீவைகுண்டத்து அத்தைக்கு எழுத வேண்டும். அத்தைக்கு எழுதினால் சாத்தான்குளத்துச் சித்தப்பாவுக்கு எழுதாமல் இருக்க முடியாது. சித்தப்பாவின் சம்பந்தி உடன்குடியில் கருப்பட்டி மொத்த வியாபாரம். அவரை விட்டால் கருப்பட்டி கசந்துபோகும். இப்படியே போய் வீடுகள் ஒன்பது ஆயின. எல்லா வீட்டிலிருந்தும் பதில் வந்தது. எல்லாப் பதிலிலும் நாலே விஷயம்: கட்டாயம் வர வேண்டும், ராத்தங்க வேண்டும், பொம்பளைப் பிள்ளை சைக்கிளில் வர வேண்டாம், வண்டி அனுப்புகிறோம்.

“ராத்தங்காமப் போக முடியாதா, சார்?”

“சாப்பாடு முடிஞ்சு ஜெபம் முடிய நேரமாயிடும் தம்பி. பொறவு பொறப்பட விடமாட்டாங்க.”

“அப்ப மணப்பாட்டுக்கு எப்ப போவிய?”

அவர் தரையில் கிடந்த படத்தைப் பார்த்தார். நாசரேத்தைச் சுற்றி இப்போது அம்மைத் தழும்பு மாதிரி வட்டங்கள். மணப்பாட்டைக் காலால் மிதித்துக்கொண்டிருந்தார்.

இதில் வரிசைச் சண்டை வேறு. பெரியப்பாதான் மூத்தவர், முதல் விருந்து அவர் வீட்டில்தான். ஆனால் ரயில் நாசரேத்துக்கு முன்னால் ஸ்ரீவைகுண்டத்தில் நிற்கும். அங்கே அத்தை இருக்கிறாள்.

“ஸ்ரீவைகுண்டத்துல வண்டி நிக்கும்போது ஜன்னலச் சாத்திக்கிட்டா?” என்று சார் என்னிடம் கேட்டார். பூகோளம் படித்த மனிதர்.

“உங்க அத்தை எப்படிப்பட்டவங்க?”

“கொஞ்சம் கோவக்காரங்க.”

“அப்ப ரயில நிறுத்திப் போடுவாவ, சார்.”

அண்ணாச்சி உள்ளேயிருந்து, “ஏலே, அந்தத் தரையக் கழுவிவிடு. வாரவன் எல்லாம் இது என்ன ஜாதகமான்னு கேக்கான்” என்றார்.

அடுத்த வாரம் முழுக்க இந்த வேலைதான். காலையில் பஞ்சர் ஒட்டுவேன், மத்தியானம் கரியைப் புகைத்து ஓடுகிற கரிவாயு பஸ் எப்போது போகிறது, எங்கே நின்றுவிடும் என்று விசாரிப்பேன், சாயங்காலம் சார் வந்து அதையெல்லாம் மாற்றுவார். ஆதிச்சநல்லூரில் மண்ணுக்குள் புதைந்திருக்கிற பழைய முதுமக்கள் தாழிகளைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஒரு ஆசை. ஒருநாள் அதையும் சேர்த்தார். கூட வந்திருந்த டீச்சர், “உசிரோட இருக்கவங்க வீடு முடிஞ்சுட்டா? செத்தவங்க வீட்டுக்கும் விருந்துக்குப் போகணுமா?” என்றார். சார் உடனே அதை அழித்துவிட்டார். அழிப்பதில் அவருக்குச் சங்கடம் இல்லை. மனுஷர்களை அழிக்கத்தான் முடியவில்லை.

பிறகு சாருடைய அம்மா இதில் நுழைந்தார். கண்ட தண்ணீரைக் குடித்து மருமகளுக்கு ஏதாவது வந்துவிட்டால் என்ன செய்வது? ஆகவே தண்ணீர்ப் பானையோடு ஒரு மாட்டுவண்டியில் அவரும் வருவார். மாட்டுவண்டியில் அவர் தனியாக வரக்கூடாது, ஆகவே சாருடைய தங்கை வருவாள். வண்டிதான் போகிறதே, அதில் சைக்கிளையும் ஏற்றிவிட்டால் டயர் தேயாது என்று சார் கண்டுபிடித்தார். வழியில் ஏதாவது ஆனால் பார்க்க மூன்றாவது சைக்கிளில் பம்பும் சாமான் பையுமாக நான். ஜோடி ரயிலில்.

இந்தக் கடைசி ஏற்பாட்டைச் சார் சொல்லி முடித்தபோது டீச்சர் கேட்டார்: “அப்ப சைக்கிள்ல போறது யாரு?”

சார் என்னைக் காட்டினார். “தம்பி போறாங்க.”

அந்த அம்மாள் வெளியே போய்த் தெருவைப் பார்த்து நின்றார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. நான் எந்தக் காலத்திலும் உல்லாசப் பயணம் போனவனில்லை. இவர்கள் போகட்டும் என்று உழைத்தால், கடைசியில் கோடைக்குச் சைக்கிளில் சுற்றப் போகிறவன் நான் ஒருவன்தான். அதுவும் மாட்டுவண்டிக்குப் பின்னால் சாணி வாசனையில்.

இரண்டு நாள் கழித்து டீச்சர் தனியாக வந்தார். பெண்கள் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்புகிற வழி. கடைக்கு வெளியே வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே உட்காரச் சொன்னேன், வரவில்லை.

“தம்பி, சைக்கிள் வேண்டாம்னு சொல்லிரலாம்னு வந்தேன். உங்களுக்கும் வீண் அலைச்சல்” என்றார்.

“நாந்தான் அலையுதேன். நீங்க ஏன் வேண்டாங்கிய?”

குடைக்கம்பியைத் தடவிக்கொண்டே சொன்னார். லீவு முடிந்ததும் அவர் மதராசுக்குப் போகிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ட்ரெயினிங்குக்கு இடம் கிடைத்திருக்கிறது, இரண்டு வருஷம். சாருக்கு வேலை இங்கே. வருஷத்துக்கு ஒரு தடவை வந்து போகலாம்.

“கல்யாணமாகி இவ்வளவு நாளாச்சு. அந்த வீட்டுல நான் அவங்ககூட உக்காந்து முழுசா ஒரு பேச்சுப் பேசினதில்ல, தம்பி. தண்ணி வேணுமா, வெளக்கக் கொண்டுவா, கதவச் சாத்து. அவ்வளவுதான். வெளிய போனா தங்கச்சி வருவா. கோயிலுக்குப் போனா ஆம்பளைங்க ஒரு பக்கம், நாங்க ஒரு பக்கம். போர்டிங்குல இருக்கும்போது சைக்கிள் விடப் படிச்சிருக்கேன். சைக்கிள்னா ஒரு ஆளுதான உக்கார முடியும், வேற யாரும் தொத்திக்கிட முடியாதுன்னு நெனச்சேன்.”

“அத சார்கிட்ட சொல்லுங்களேன்” என்றேன்.

“அவங்களுக்கு இந்த ஆசை என்னைவிட ஜாஸ்தி. ஆனா யாருகிட்டயும் இல்லன்னு சொல்ல வராது. அவங்க அம்மாகிட்ட இத எப்படிச் சொல்லுவாங்க? வாய் வருமா?”

வராதுதான். அந்தக் காலத்தில் எந்த மகனும் தன் அம்மாவிடம், நானும் என் பெண்சாதியும் தனியாக இருக்க வேண்டும் என்று சொன்னதில்லை. ஊரைவிட்டு ஓடிப்போனவர்கள்கூட அதைச் சொல்லாமல்தான் ஓடினார்கள்.

மறுநாள் மத்தியானம் ஒரு செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக்கொண்டே யோசித்தேன். இந்த ஜோடியை ஒன்பது வீட்டுக்குக் கொண்டுபோவதுதான் தொல்லை. ஒன்பது வீட்டையும் ஒரே நாள் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தால்? பெரியப்பாவின் வீட்டில் பெரிய வளவு இருக்கிறது, புளியமரம் இருக்கிறது. எல்லாரும் அங்கே வரட்டும். சாப்பிட்டு முடித்ததும் இரண்டு பேரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போகட்டும். அதற்குப் பிறகு அந்தப் பாதையில் எந்த வீட்டுக் கதவும் அவர்களைக் கூப்பிடாது, ஏனென்றால் வீட்டுக்காரர்கள் எல்லாரும் புளியமரத்தடியில் ஏப்பம் விட்டுக்கொண்டிருப்பார்கள்.

சாயங்காலம் இரண்டு பேரும் வந்தபோது இதைச் சொன்னேன். சார் முதலில் பயந்தார். “ஒரே சாப்பாட்ட ஒம்பது விருந்துன்னு கணக்கு வைக்க ஒத்துக்குவாங்களா?”

“ஒரே சாப்பாடு இல்ல, சார். அவங்கவங்க அரிசி, அவங்கவங்க பானை, அவங்கவங்க அடுப்பு. ஒம்பது அடுப்பு மூட்டட்டும். நீங்க ஒவ்வொரு வீட்டு எலையிலயும் உக்காந்து ஒரு கை சாப்பிடுங்க.”

அவர் முகம் தெளிந்தது. உடனே இன்னொரு கவலை. “மணப்பாட்டுல தங்க நமக்கு ஆளே இல்லையே.”

அதையும் யோசித்திருந்தேன். தோணியில் என்னோடு இருந்த ஒருவர் மணப்பாட்டுக்காரர். சங்கு குளிக்கிறவர், முத்துக்குளிப்பு நடந்தால் அதற்கும் போவார். அவர் வீட்டில் கடலைப் பார்த்த மாடியறை ஒன்று சும்மா கிடந்தது. ஆள் மூலம் சொல்லி அனுப்பிக் கேட்டிருந்தேன், வரச்சொல்லிவிட்டார்.

“அவங்க வேதக்காரங்களா?”

“வேதக்காரங்கதான். ஆனா உங்க கோயில் இல்ல. ரோமன் கத்தோலிக்கு.”

சார் தயங்கினார். டீச்சர் எனக்கு முந்திக்கொண்டார். “ரொம்ப நல்லது. நம்ம சொந்தக்காரங்க ஒருத்தரும் அந்தப் படியேற மாட்டாங்க.”

இந்த ஏற்பாட்டால் என் வேலை குறையவில்லை, பெருகியது. இரண்டு பேரை அனுப்புவதற்காக நாற்பது பேரை வரவழைக்க வேண்டும். ஸ்ரீவைகுண்டத்து அத்தை குடும்பம் ரயிலில். உடன்குடிக்காரர் கருப்பட்டி வண்டியில். சாத்தான்குளத்துச் சித்தப்பாவுக்கு மூலம், கட்டை வண்டியில் உட்கார முடியாது, வில்வண்டி வேண்டும். இன்னொரு வீட்டுக்காரர்கள் பஸ்ஸில் கிளம்பி, அது மூச்சு நின்ற இடத்தில் இறங்கிக் கடைசி மைல்களை நடந்து வந்தார்கள். சாருடைய அம்மா சொன்னபடி தண்ணீர்ப் பானையோடு மாட்டுவண்டியில்.

சைக்கிள் இரண்டையும் ரயிலில் போடலாமா என்று கேட்டுப் பார்த்தேன். சாக்குச் சுற்றிக் கட்ட வேண்டும், இரண்டு இடத்தில் வண்டி மாற வேண்டும். வழியில் ஏதாவது நெளிந்தால் அண்ணாச்சி என்னை நெளித்துவிடுவார். அதனால் நானே கொண்டுபோனேன். சைக்கிள் கடைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒன்றில் ஏறி உட்கார்ந்துகொண்டு, இன்னொன்றின் ஹேண்டில்பாரை நடுவில் ஒரு கையால் பிடித்துக் கூடவே உருட்டிக்கொண்டு போவது. பஜாரில் அது சுலபம். ஸ்ரீவைகுண்டத்துப் பாதையில் எதிர்க்காற்றில் அப்படிப் போவது வேறு. கையில் பிடித்த சைக்கிள் காற்றில் திமிறும், தறிகெட்ட கன்றுக்குட்டி மாதிரி குறுக்கே வரும். லேடீஸ் சைக்கிளின் நூல்வலை வேறு காற்றைப் பிடித்துப் பாய் விரித்தது. பாதித் தூரம் இரண்டையும் தள்ளிக்கொண்டு நடந்தேன். கண்ணில் மண். ஒரு பனைவிளையில் பதநீர் கொடுத்தார்கள், குடித்துவிட்டுப் படுத்து எழுந்து மறுபடி தள்ளினேன். ஆற்றைத் தாண்டியதும் பாதை வளைந்தது, காற்று கொஞ்சம் பக்கவாட்டில் போனது. அப்போது திட்டுவதை நிறுத்தினேன்.

விருந்து நாளில் பெரியப்பாவின் வளவுக்குள் போனபோது புகையில் மரம் தெரியவில்லை. ஒன்பது அடுப்பு. ஸ்ரீவைகுண்டத்து அத்தைதான் முதலில் வந்து வாசலுக்கு நேரான இடத்தைப் பிடித்திருந்தாள். ஆற்றுப் பாசனத்து அரிசி, அதில் அவளுக்கு ஒரு கர்வம். என்னைக் கண்டதும் அகப்பையை நீட்டினாள்.

“ஏலே சைக்கிள்காரா, நீதான் எங்கள எல்லாம் சந்தைக்கு மாடு ஓட்டியாந்த மாதிரி ஓட்டியாந்தவனா?”

“ஆமா அத்தை.”

“நான் ஒனக்கு எப்படிலே அத்தை? சரி, உக்காரு. மூஞ்சியக் கழுவிட்டு உக்காரு. முதல்ல எங்கிட்ட சாப்பிடு, பொறவு அந்தச் சாத்தான்குளத்துச் சோத்தத் தொடு.”

ஒவ்வொரு அடுப்புக்கும் ஒரு ஜெபம் என்று நான் கணக்கில் வைக்கவில்லை. பெரியப்பா ஓய்வு பெற்ற உபதேசியார். அவர் ஆதியிலிருந்து ஆரம்பித்தார். அவர் ஆமென் சொல்வதற்குள் இரண்டு வீட்டுக் குழம்பு ஆறிவிட்டது. ஜோடி இலைக்கு இலை நகர்ந்தது. ஒரு கை என்பது எந்த வீட்டிலும் ஒரு கையாக இல்லை. சாருக்கு வேர்த்துக் கொட்டியது. டீச்சர் நிமிராமல், தலையைக் குனிந்து பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி ஒவ்வொரு இலையாக முடித்துக்கொண்டு வந்தார். புளியமரத்தில் சாத்தியிருந்த சைக்கிள்களின் மணியைப் பிள்ளைகள் அடித்துக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு மணிக்கும் டீச்சர் ஒரு தடவை அந்தப் பக்கம் பார்ப்பார்.

ஒரு வழியாகக் கடைசி இலையும் மடங்கியது. வெயில் சாய ஆரம்பித்திருந்தது. காற்று நல்ல வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. டீச்சர் சேலையை இடுப்பில் இழுத்துச் செருகி சைக்கிளைப் பிடித்தார். சார் மற்றதைப் பிடித்தார். நான் இரண்டுக்கும் காற்று அழுத்திப் பார்த்தேன். முடிந்தது, நம் தொல்லை விட்டது என்று நினைத்தேன்.

அப்போது சாருடைய அம்மா மாட்டுவண்டியில் ஏறி உட்கார்ந்தார். தண்ணீர்ப் பானையைக் கையில் அணைத்துக்கொண்டு, “வண்டியப் பூட்டு. மணப்பாடு வரைக்கும் நானும் பின்னாலயே வாரேன்” என்றார். “ஏளா, நீயும் ஏறு” என்று மகளையும் கூப்பிட்டார்.

நான் சாரைப் பார்த்தேன். அவர் மணலைப் பார்த்தார். டீச்சர் பின்சக்கரத்து வலையில் எதையோ சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டார். அந்த வலையில் சரிசெய்ய ஒன்றும் இருக்கவில்லை. அதை முடிச்சுப் போட்டவன் நான். அவர் தோள் மட்டும் ஒரு மாதிரி இறங்கியது. வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போக அன்றைக்குக் கடைக்கு வந்தாரே, அதே இறக்கம்.

என்னால் முடியவில்லை. இரண்டு கையிலும் கிரீஸ், கண்ணில் புகை, வயிற்றில் ஒன்பது வீட்டுச் சோறு. வாயைத் திறந்துவிட்டேன்.

“அம்மா, நீங்க கூடப் போறதுக்கா நான் இத்தன நாளும் நாயா அலஞ்சேன்? இவ்வளவு பேரையும் இங்கன கொண்டாந்து சேத்ததே அவங்க ரெண்டு பேரையும் தனியா அனுப்பத்தான். லீவு முடிஞ்சா அவங்க மதராசுக்குப் போயிருவாங்க. ரெண்டு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் பேச வேண்டாமா?”

ஒரு அடுப்பில் ஓலை வெடித்தது மட்டும் கேட்டது. பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார், இன்னொரு ஜெபம் வந்துவிடுமோ என்று பயந்தேன். உடன்குடிக்காரர், “எவன்லே இவன்?” என்றார்.

சாருடைய அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. மகனைப் பார்த்தார். “அப்படியாடே?”

சாருக்கு முகம் முழுக்கச் சிவந்துபோயிருந்தது. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் மறுபடி ஒரு வட்டம் போடப்போகிறார், என் பக்கமும் இல்லாமல் தன் அம்மா பக்கமும் இல்லாமல் நடுவில் எங்கேயாவது நிற்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

“ஆமாம்மா” என்றார்.

அவருடைய அம்மா பானையை இறக்கி வைத்தார். “இந்த ஒத்த வார்த்தைய சொல்லுததுக்கா இவ்வளவு சோறு வெந்துச்சு?” என்றார். “கலயத்துல பிடி அரிசி சேத்து, ரயிலேறி, வண்டியேறி, புகையில கண்ணு அவிஞ்சு... முன்னாலயே சொல்லியிருந்தா நாங்க எல்லாரும் இங்கன வந்து கெடந்திருப்போம்லா. வீட்ட உங்களுக்கு விட்டுட்டு வந்திருப்போம்லா. சைக்கிள் எதுக்கு, மண்ணாங்கட்டி எதுக்கு?”

ஸ்ரீவைகுண்டத்து அத்தை, “வாயில்லாப் பிள்ள. அவங்க அப்பனும் இப்படித்தான்” என்றாள். பெண்கள் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள்.

சாருடைய அம்மா இடுப்பிலிருந்து மில்லர்புரத்து வீட்டுச் சாவியை அவிழ்த்து நீட்டினார். “இந்தா. வீட்டுக்குப் போங்க. நாங்க லீவு முடிய இங்கயே இருக்கோம்.”

சாருடைய கை பாதி தூரம் போய்விட்டது. அதுதான் அவருடைய சுபாவம், நீட்டியதை வாங்காமல் இருக்க வராது. ஆனால் சாவியை வாங்கினால் அடுத்த வாரமே ஒவ்வொருவராக எட்டிப் பார்ப்பார்கள் என்பது எனக்கே தெரியும். டீச்சருக்குத் தெரியாதா?

“சாவி உங்ககிட்டயே இருக்கட்டும், மாமி. நாங்க சைக்கிள்லயே போறோம்” என்றார்.

வளவு மணலில் சைக்கிள் ஓடவில்லை. வாசல்வரை தள்ளிக்கொண்டு போனார். ரஸ்தாவுக்கு வந்ததும் ஏறி உட்கார்ந்தார். இத்தனை பேருக்கு முன்னால், அதுவும் வருஷக்கணக்கில் ஓட்டாத கை, சைக்கிள் ஒரு பக்கம் நெளிந்து வேலி வரைக்கும் போனது. நாற்பது பேரும் ஐயோ என்றார்கள். வேலியில் முட்டாமல் நிமிர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு காற்று பார்த்துக்கொண்டது. சார் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சைக்கிளோடு ஓடி, ஓடிக்கொண்டே ஏறினார். ஒட்டுப்போட்ட டயர் தொப் தொப்பென்று குதிக்க, முன்னால் போகிற சேலையை எட்டிப்பிடிக்க மிதித்தார். திருப்பம் வருவதற்கு முன்னால் இரண்டு சைக்கிளும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக ஆனதைப் பார்த்தேன். டீச்சர் தலையைத் திருப்பி அவரிடம் என்னவோ சொன்னார். கொஞ்ச நேரத்துக்கு டீச்சர் பேசிக்கொண்டே போனார். என்ன சொன்னார் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கவில்லை.

சாருடைய அம்மா வண்டிக் கூண்டுக்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். திருப்பத்தில் தூசி அடங்கிய பிறகு கீழே இறங்கினார். என்னிடம் வந்து நேருக்கு நேராக நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

“சரி. அவங்கள அனுப்பிட்ட” என்றார். “இந்த நாப்பது பேரையும் எப்படிலே ஊருக்கு அனுப்பப்போற?”

அதை நான் யோசிக்கவே இல்லை. உடன்குடிக்காரரை இறக்கிவிட்ட கருப்பட்டி வண்டி காலிச் சாக்குகளோடு எப்போதோ போய்விட்டிருந்தது.